மைனஸ் 20-ல கனரக மெஷின் பழுது: சூடான ஷெட் கட்டாயமா?

சங்கிலித்தடம்:
குளிர்காலத்துல மைனஸ் 20 வரை இறங்குற இடம். 20 டன் எக்ஸ்கவேட்டர் ஒண்ணு, டோசர் ஒண்ணு, லாரி ரெண்டு. ஹீட்டிங் வச்ச ஷெட் கட்டுறதா, இல்ல ஹீட்டரும் தார்ப்பாயும் வாங்கி வெளியிலேயே சமாளிக்கிறதா? "ஷெட் இருந்தா நல்லது"ங்கிற பதில் வேண்டாம், அது எனக்கே தெரியும். எந்த வேலைக்கு எது இல்லாம முடியாதுன்னு சொல்லுங்க.

19ஆம் நம்பர் ஸ்பேனர்:
ஷெட் கட்டுங்கள். ஒரே ஒரு வேலையைப் பார்த்தாலே புரிந்துவிடும்: ஹைட்ராலிக் சிலிண்டருக்கு சீல் மாற்றுவது. பாலியூரித்தேன் ராடு சீலைச் சிறுநீரக வடிவத்துக்கு மடக்கித்தான் கிளாண்டுக்குள், அதாவது சிலிண்டரின் வாய் மூடிக்குள், விட வேண்டும். மைனஸ் 20-ல் அது பிளாஸ்டிக் வளையம் மாதிரி விறைத்திருக்கும். மடக்கினால் சீலின் விளிம்பு உதட்டில் மயிரிழை அளவு வெடிப்பு விழும். கண்ணுக்குத் தெரியாது, பிரஷர் ஏறிய பிறகு ஒழுகும்போதுதான் தெரியும். சீலை வெதுவெதுப்பான ஹைட்ராலிக் ஆயிலில் பத்து நிமிஷம் ஊறப்போட்டு இளக்கலாம். ஆனால் கிளாண்டும் குளிர்ந்து கிடந்தால், கையில் எடுத்துப் பொருத்துவதற்குள் மறுபடியும் விறைத்துவிடும்.

அடுத்தது போல்ட் பசை. இரும்பு குளிர்ந்திருந்தால் அது இறுகாமல் ஈரமாகவே நிற்கும். சிலிகான் கேஸ்கெட்டும் அப்படித்தான். காற்றில் உள்ள ஈரத்தை வைத்துத்தான் அது இறுகும். குளிர்ந்த காற்றில் ஈரமும் இல்லை, சூடும் இல்லை. திறந்து வைத்த பம்புக்குள் பனித்தூள் விழுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கிரீஸ்கன்:
ஸ்பேனர் அண்ணே, சீல் விஷயத்துல மறுபேச்சு இல்ல. ஆனா சிலிண்டரைக் கழட்டி ஒரு சின்ன ரூமுக்குள்ள கொண்டுபோய் மேஜை மேல வச்சு மாத்தலாமே? அதுக்கு 20 டன் மெஷினை எதுக்கு உள்ள கொண்டுவரணும்?

ஒரு கணக்கு பாருங்க. ஒரு கிலோ இரும்பை ஒரு டிகிரி ஏத்த கிட்டத்தட்ட அரை கிலோஜூல் வேணும். 20,000 கிலோவை மைனஸ் 20-ல இருந்து பிளஸ் 15-க்குக் கொண்டுவர 35 டிகிரி ஏத்தணும். மொத்தம் சுமார் 340 மெகாஜூல், அதாவது 95 யூனிட் கரண்ட். 15 கிலோவாட் ஹீட்டர் துளி சூட்டைக்கூட வெளியே விடாம வேலை செஞ்சாலும் ஆறு மணி நேரத்துக்கு மேல ஆகும். நிஜத்துல கதவு, சுவர், கூரைன்னு எல்லாப் பக்கமும் சூடு போகும். சாயங்காலம் உள்ள விட்டா மறுநாள் காலையில வெளித்தோல் சூடா இருக்கும், பின்பக்க எடைக்கட்டியான கவுண்டர்வெயிட்டைத் தொட்டா இன்னும் சில்லுன்னு இருக்கும்.

சூடான ஷெட்டுக்குள்ள வந்த குளிர்ந்த இரும்பு மேல தண்ணி கோக்கும். செயின்ல ஒட்டின பனியும் சேறும் கரையும். அந்தத் தண்ணி ஒயரிங் கனெக்டர்லயும் பிரேக் வால்வுலயும் இறங்கும். வேலை முடிஞ்சு வெளியே விட்டீங்கன்னா அங்கேயே உறையும்.

19ஆம் நம்பர் ஸ்பேனர்:
தண்ணீர் கோப்பது உண்மைதான். ஆனால் வெளியே தார்ப்பாய் அடைப்புக்குள் ஹீட்டர் வைத்தால் அது இன்னும் மோசம். புகைபோக்கி இல்லாத டார்பிடோ ஹீட்டரில் ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே வரும். கேஸ் இன்னும் அதிகம்: ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் 1.6 கிலோ தண்ணீர். அத்தனையும் அந்த அடைப்புக்குள்ளேயே மெஷின் மேல் படியும். கூடவே கார்பன் மோனாக்சைடு. அதற்கு வாசனை கிடையாது, தலைவலி வந்த பிறகு யோசிக்கவும் நேரம் இருக்காது.

நான் சொல்வது தரையில் குழாய் பதித்து வெந்நீர் ஓடுகிற ஷெட். பெரிய கதவைத் திறந்தால் சூடான காற்று மொத்தமும் ஓடிவிடும். ஆனால் கான்கிரீட் தளம் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும், கதவை மூடிய கொஞ்ச நேரத்தில் உள்ளே பழையபடி ஆகிவிடும். மெஷினுக்கு அடியில் மல்லாந்து படுத்து வேலை செய்கிறவனுக்கு முதுகுக்குக் கீழே சூடு. ஈரமும் சீக்கிரம் காயும்.

கிரீஸ்கன்:
டார்பிடோ வேணாம்னு நானும் சொல்றேன். புகையைத் தனியா வெளியே தள்ளி, சுத்தமான சூடான காத்தை மட்டும் டக்ட் (காத்துக் குழாய்) வழியா அனுப்புற ஹீட்டர் இருக்கு. ஹீட்டர் அடைப்புக்கு வெளியே நிக்கும், டக்ட் மட்டும் உள்ளே வரும். தார்ப்பாயும் தீப்பிடிக்காத ரகமா இருக்கணும்.

நான் அடிச்சுச் சொல்ற விஷயம் வேற. குளிர்ல மெஷின் நிக்கிறதுக்குக் காரணம் பெரும்பாலும் ஷெட் இல்லாதது இல்ல, முன்கூட்டியே தயார் பண்ணாதது. சாதாரண டீசல்ல மெழுகு திரள ஆரம்பிச்சா முதல்ல அடைபடுறது ஃபில்டர். உறையாம இருக்க ஊத்துற மருந்தை மெழுகு திரளுறதுக்கு முன்னாடியே ஊத்தணும். திரண்ட மெழுகை அது கரைக்காது. பேட்டரியோட தெம்பு மைனஸ் 18-ல ஏறத்தாழ பாதியாயிடும், அதே நேரம் கெட்டி ஆயிலைச் சுத்த ஸ்டார்ட்டருக்கு இன்னும் அதிக பலம் வேணும். முழு சார்ஜ்ல இருக்கிற பேட்டரி மைனஸ் 50-லயும் உறையாது. காலியான பேட்டரி மைனஸ் 10-லயே உறைஞ்சு வயிறு ஊதிடும், அதைச் சார்ஜ்ல போட்டா வெடிக்கும். இன்ஜினைச் சூடாக்குற பிளாக் ஹீட்டரை டைமர்ல போட்டு ஸ்டார்ட்டுக்கு மூணு நாலு மணி நேரம் முன்னாடி ஓடவிட்டா போதும்.

புகையைச் சுத்தம் பண்ண ஊத்துற ஆட்புளூ மைனஸ் 11-ல உறையும், உறைஞ்சா ஏழு சதவீதம் போல விரியும். டேங்கை விளிம்பு வரை நிரப்பாதீங்க. கூலன்ட்டைத் தண்ணியோட சரிபாதி கலந்தா மைனஸ் 37 வரை தாங்கும். தண்ணியே கலக்காத கிளைக்கால் (கூலன்ட்டோட மூலப்பொருள்) மைனஸ் 13-லயே உறைஞ்சிடும், "கெட்டியா ஊத்தினா நல்லது"ன்னு நினைக்கிறவங்க கவனிங்க.

வெல்டிங்ராடு:
நடுவில் நுழைகிறேன். பக்கெட் உதடு, பூம் விரிசல் எல்லாம் வெளியிலேயே செய்யலாம், ஆனால் முறையோடு. கட்டுமான எஃகுக்கான அமெரிக்க வெல்டிங் விதி, ஏடபிள்யூஎஸ் டி1.1, இரும்பு 0 டிகிரிக்குக் கீழே இருந்தால் குறைந்தது 20-க்குச் சூடாக்கி, வெல்டு முடியும்வரை அதிலேயே வைத்திருக்கச் சொல்கிறது. வெல்டு செய்யும் இடத்தைச் சுற்றி மைனஸ் 18-க்குக் கீழே என்றால் வெல்டே கூடாது. "சுற்றி" என்பதைக் கவனியுங்கள். அடைப்புப் போட்டு அந்த இடத்தை மட்டும் சூடாக்கினால் தடை இல்லை. மெஷின் அந்த விதிக்குள் வராவிட்டாலும் காரணம் ஒன்றுதான்: ஈரம் வெல்டுக்குள் ஹைட்ரஜனாகப் போகும், குளிர்ந்த தடித்த இரும்பு வெல்டைச் சட்டென்று இறுக வைக்கும், மறுநாள் ஓரத்தில் விரிசல்.

டார்ச்சைக் காட்டியதும் இரும்பு வியர்க்கும். அது உள்ளிருந்து வருகிற ஈரம் இல்லை, தீயில் பிறந்த தண்ணீர். வியர்வை போகும்வரை காட்டி, தாண்டியும் சூடாக்க வேண்டும். தேய்மானத்தைத் தாங்கும் கடினத் தகடு என்றால் 20 டிகிரி போதாது, அந்தத் தகட்டுக்கான அட்டவணையைப் பாருங்கள். 7018 வெல்டிங் ராடு, ஈரம் ஏறாதபடி ஓவனில் 120 டிகிரியிலேயே இருக்கட்டும். கம்பியும் கேஸும் சேர்ந்து வருகிற மிக் வெல்டுக்குக் காற்று மணிக்கு 8 கிலோமீட்டரைத் தாண்டினாலே வெல்டை மூடிக் காக்கிற கேஸ் கலைந்துவிடும். எனவே எனக்கு வேண்டியது ஷெட் இல்லை, காற்றுத் தடுப்பு.

சங்கிலித்தடம்:
மூட்டுகள்ல இருக்கிற பின், அது சுத்துற புஷ் மாத்துறது வெளியே முடியுமா? அப்புறம் ஹைட்ராலிக் சூடாகிற வரை என்ன பண்றது?

கிரீஸ்கன்:
பின் வேலைக்குக் குளிர் நம்ம பக்கம். 100 மில்லி பின்னை ராத்திரி வெளியே போட்டா, 40 டிகிரி வித்தியாசத்துக்கு விட்டத்துல 0.046 மில்லி சுருங்கும். புஷ் இருக்கிற துளையை மட்டும் சூடாக்கிட்டா சம்மட்டிக்கு வேலை குறைவு. புஷ்ஷையும் அதே மாதிரி வெளியே குளிர வச்சு உள்ளே விடுங்க.

ஹைட்ராலிக்ல 46 கிரேடு ஆயில் இருந்தா குளிர்காலத்துக்கு மேனுவல் அனுமதிச்சா இன்னும் இளக்கமான 32-க்கு மாத்துங்க. ஸ்டார்ட் ஆனதும் லோ ஐட்லிங், அப்புறம் ஒவ்வொரு லீவரையும் மெதுவா, சிலிண்டரைக் கடைசி வரை இடிக்க விடாம. பம்பு கூழாங்கல் உருட்டுற மாதிரி சத்தம் போட்டா ஆயில் உறிஞ்ச முடியாம திணறுதுன்னு அர்த்தம், உடனே வேகத்தைக் குறைங்க. ஸ்டார்ட் ஆக அடிக்கிற ஈத்தர் ஸ்ப்ரேயை, உள்ளே போற காத்தைச் சூடாக்குற இன்டேக் ஹீட்டரோ க்ளோ பிளக்கோ இருக்கிற இன்ஜின்ல அடிக்கவே கூடாது.

19ஆம் நம்பர் ஸ்பேனர்:
ஒன்றை விட்டுவிட்டீர்கள். தார்ப்பாய்க்குள் சூடு ஏறினால் கீழே உறைந்த மண்ணும் இளகும். காலையில் பாறை மாதிரி இருந்த தரை மதியம் சேறு. அதன் மேல் ஜாக்கி ஸ்டாண்டு வைத்தவன் அடியில் படுத்திருப்பான். அகலமான மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்காமல் சூட்டைப் போடாதீர்கள்.

கிரீஸ்கன்:
சரியான பாயிண்ட் அண்ணே, ஒத்துக்குறேன். ஆனா சைட்ல செயின் அறுந்து கிடக்கிற டோசரை உங்க ஷெட்டுக்கு எப்படிக் கொண்டுவருவீங்க? அங்கே தார்ப்பாய்தான்.

வெல்டிங்ராடு:
இப்போது பணம் போதாது என்றால் ஷெட்டைத் தள்ளிப் போடலாம், தளத்தைத் தள்ளிப் போட முடியாது. கான்கிரீட் ஊற்றும்போதே கீழேயும் ஓரங்களிலும் இன்சுலேஷன் போட்டு குழாயைப் பதித்துவிடுங்கள். பாய்லர் பிறகு வரட்டும். குழாயில் பிரஷர் ஏற்றி வைத்தபடியே ஊற்றுங்கள், மண்வெட்டி பட்டால் கேஜ் உடனே இறங்கிக் காட்டிக்கொடுக்கும். ஊற்றுவதற்கு முன் குழாய் ஓடும் பாதையை டேப் வைத்து அளந்து போட்டோ எடுங்கள். பின்னால் பிரஸ் மெஷினைத் தரையோடு இறுக்க ஆங்கர் போல்ட் துளை போடும்போது அந்தப் போட்டோவைத்தான் தேடுவீர்கள்.