கழுத்து எக்ஸ்ரே இல்லாம டைவ் கிடையாதாம். எடுக்கணுமா, வேணாமா?

அல்சூர் அம்மா:
பெங்களூர் தமிழ் மக்களே, ஒரு யோசனை சொல்லுங்க. என் பையனுக்கு 13 வயசு, டவுன் சிண்ட்ரோம். மூணு வருஷமா நீச்சல் போறான். அடுத்த மாசம் ஒரு போட்டி. அதுக்குக் கொடுத்த மெடிக்கல் ஃபார்ம்ல, கடைசியில கோச் பேனாவால "கழுத்து எக்ஸ்ரே, குனிஞ்சு ஒண்ணு, நிமிர்ந்து ஒண்ணு"ன்னு எழுதியிருக்கார். அச்சுல அது இல்ல. எக்ஸ்ரே வராம மேலேருந்து குதிக்க விடமாட்டேன், தண்ணிக்குள்ள நின்னே ஆரம்பிக்கட்டும்ங்கறார். குழந்தை டாக்டரோ "தேவையே இல்லம்மா"ங்கறார். ரெண்டு பேரும் நல்லவங்கதான். நான் யார் பேச்சைக் கேக்கறது?

ராமமூர்த்திநகர் அப்பா:
எடுக்காதீங்கம்மா. என் பொண்ணுக்கும் டவுன்தான், 17 வயசு, குண்டு எறிதல் போட்டிக்குப் போறா. நம்ம பிள்ளைங்கன்னாலே எல்லா இடத்துலயும் கூட ஒரு பேப்பர் கேப்பாங்க. என் பெரியவன் பள்ளிக்கூட கபடி டீம்ல சேர்ந்தப்போ தெருமுனை டாக்டர் அவன் முகத்தைக்கூட நிமிர்ந்து பாக்காம கையெழுத்துப் போட்டார். இவளுக்கு மட்டும் எக்ஸ்ரே, இதயத்துக்கு எக்கோ ஸ்கேன், தைராய்டு, கண், காது. அலைஞ்சு முடிக்கறதுக்குள்ள சீசனே முடிஞ்சிடுச்சு.

விவேக்நகர் பிசியோ:
சார், கோபம் புரியுது. ஆனா கோச் காரணமில்லாம கேக்கல. கழுத்தோட முதல் எலும்பு ஒரு வளையம். ரெண்டாவது எலும்புலேருந்து ஒரு முளை மேலே நீண்டு அந்த வளையத்துக்குள்ள நிக்குது. முளை பின்னால நழுவாம ஒரு லிகமென்ட், அதாவது எலும்புகளைக் கட்டி வெக்கற நார், பிடிச்சு வெச்சிருக்கு. அதுக்குப் பின்னாடியே தண்டுவடம், முளை நழுவினா அதை அழுத்திடும். டவுன் பிள்ளைகளுக்கு உடம்பு முழுக்க லிகமென்ட் தளர்வு. நூத்துக்கு 10லேருந்து 20 பேருக்கு வளையத்துக்கும் முளைக்கும் நடுவுல இருக்கற இடைவெளி எக்ஸ்ரேல அதிகமா தெரியும். தலை முதல்ல போய் தண்ணில மோதற விளையாட்டுக்கு முன்னாடி ரெண்டு படம் எடுக்கறதுல என்ன நஷ்டம்?

ராமமூர்த்திநகர் அப்பா:
அந்த 10, 20 பேர்ல உண்மையிலேயே தொந்தரவு வர்றது எத்தனை பேருக்கு? மொத்தத்துல நூத்துக்கு ஒண்ணு ரெண்டு. அதையும் சேர்த்துச் சொல்லுங்க. ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் 1983ல இந்த எக்ஸ்ரேயைக் கட்டாயம்னு வெச்சது, இப்ப அவங்களே விட்டுட்டாங்க. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் 2011ல, அறிகுறி இல்லாத பிள்ளைக்கு வழக்கமா எடுக்க வேணாம்னு சொல்லிடுச்சு. இன்னைக்கு நார்மல்னு வந்த படம் ரெண்டு வருஷம் கழிச்சு வேற மாதிரி வரும். இடைவெளி இருக்குன்னு வந்த பிள்ளை கடைசி வரைக்கும் நல்லாவே ஓடிட்டிருக்கும். இப்படி ஒரு படத்தை வெச்சா ஒரு பையனோட விளையாட்டை நிறுத்தறது?

ஜெயநகர் வாசி:
இவ்வளவு பேச்சு எதுக்கு? மாற்றுத்திறனாளி கார்டுலயே எல்லாம் இருக்குமே. பாரா போட்டிக்கும் டாக்டருங்க சோதிச்சுத்தானே, யார் யாரோட மோதணும்னு குறைபாட்டை வெச்சு வகுப்பு குடுக்கறாங்க? டோக்கியோ பாராலிம்பிக்ல வட்டு எறிஞ்ச வினோத் குமாரோட வெண்கலத்தையே அப்படித்தானே திருப்பி வாங்கினாங்க.

கோலார் சக்கரம்:
அண்ணா, ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க. கார்டுல இருக்கறது என்ன குறைபாடு, எத்தனை சதவீதம்ங்கறதுதான். வினோத் குமார் விஷயம் வகுப்பு பிரிக்கறது. அவரோட குறைபாடு எஃப்52 வகுப்புக்குப் பொருந்துதான்னு பாத்தாங்க, பொருந்தலைன்னு முடிவாச்சு. இன்னைக்கு விளையாடினா இவன் உடம்புக்கு ஆபத்தாங்கற கேள்வியை அங்க யாரும் கேக்கறதில்ல. நம்ம சேலத்து மாரியப்பன் இதே பெங்களூர்ல பயிற்சி எடுத்து 2016ல ரியோ பாராலிம்பிக்ல 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வாங்கினார். அவர் கால் எந்த வகுப்புன்னு ஊருக்கே தெரியும். அவரோட நல்ல காலோட மூட்டு எவ்வளவு அடி தாங்குதுன்னு எந்த கார்டு சொல்லும்?

என் கதையைக் கேளுங்க. கேஜிஎஃப் ஆளு நான், பைக் விபத்து, தண்டுவடத்துல டி4ங்கற மார்பு மட்டத்துல அடி. வீல்சேர் ரேஸ் ஓடறேன். ஒரு கேம்ப்ல செக்கப்னு சொல்லி நெஞ்சுல ஸ்டெத் வெச்சாங்க, நாக்கை நீட்டச் சொன்னாங்க, "ஃபிட்"னு போட்டாங்க. மறுநாள் காலைல தலை வெடிக்கற மாதிரி வலி. முகமெல்லாம் வேர்வை, மார்புக்குக் கீழே சில்லுன்னு. பிரஷர் பாத்தா மேல் அளவு 138. "நார்மல் சார், கொஞ்சம் டென்ஷன்"ன்னாங்க. எனக்கு வழக்கமா 95தான் இருக்கும்! டி6க்கு மேல அடிபட்டவனுக்கு 20, 30 ஏறினாலே அது அபாய மணி. காரணம் பாத்தா மூத்திரம் போற கதீட்டர் ட்யூப் தொடைக்கு அடியில மடிஞ்சு கிடந்தது. நேராக்கின கொஞ்ச நேரத்துல இறங்கிடுச்சு. நான் சும்மா இருந்திருந்தா மூளைல ரத்தம் கசியற வரைக்கும் போயிருக்கும்.

ஜெயநகர் வாசி:
பாராலிம்பிக்ல பிரஷர் 160ன்னா ஓட விடமாட்டாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன், அது இதுதானா?

கோலார் சக்கரம்:
அதேதான். சில பேர் வேணும்னே மூத்திரத்தை அடக்கி, பெல்ட்டை இறுக்கிக் கட்டிப் பிரஷரை ஏத்திட்டு ஓடினாங்க, அப்ப வேகம் கூடும். அதுக்குப் பேரு பூஸ்டிங், 1994லயே தடை பண்ணிட்டாங்க. இப்பவும் 160 இருந்தா கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி பாப்பாங்க, இறங்கலைன்னா வெளியே. நான் சொல்ல வந்தது வேற. அந்த கேம்ப் ஃபார்ம்ல பக்கவாதம் உண்டா, சர்க்கரை உண்டான்னு இருபது கேள்வி இருந்தது. மூத்திரம் எப்படிப் போறீங்க, வழக்கமான பிரஷர் என்ன, உக்கார்ற இடத்துல புண் இருக்கான்னு ஒண்ணுகூட இல்ல.

விவேக்நகர் பிசியோ:
இதை ஒத்துக்கறேன். ஆனா தம்பி, உங்க உடம்பு "தலை வலிக்குது"ன்னு உங்களைப் பேச வெச்சது. அந்தப் பையன் வலிக்குதுன்னு சொல்வானா? அதனாலதான் படம் கேக்கறோம்.

ராமமூர்த்திநகர் அப்பா:
சொல்ல மாட்டான். அதனாலதான் நாம பாத்துக்கிட்டே இருக்கணும். தண்டுவடம் அழுந்தினா தெரியற அறிகுறிகளை நான் மாசாமாசம் ஒண்ணாம் தேதி ஒரு நோட்டுல எழுதறேன். நடை மாறியிருக்கா, சீக்கிரம் களைச்சுப் போறாளா? கழுத்தை ஒரு பக்கமா சாய்க்கறாளா? படுக்கைய நனைச்சாளா? கைலேருந்து சாமான் நழுவுதா, முன்னாடி தானா செஞ்ச வேலைய இப்ப செய்யறாளா? அஞ்சு நிமிஷ வேலை. கோச் கழுத்தைக் கேட்டாரே, இதயத்தைக் கேட்டாரா? நம்ம பிள்ளைங்கள்ல கிட்டத்தட்ட பாதிப் பேருக்குப் பிறவியிலயே இதயக் கோளாறு.

அல்சூர் அம்மா:
இதயத்துல ஓட்டை இருந்தது சார், எட்டு மாசத்துலயே ஆபரேஷன் பண்ணியாச்சு. வருஷா வருஷம் எக்கோ எடுக்கறோம்.

ஆனா உங்க கடைசிக் கேள்விய படிச்சதும் வயித்தைக் கலக்குது. ஸ்கூல் சட்டைக்குப் பட்டனை அவனே போட்டுக்குவான். தீபாவளிக்கு அப்புறம் "அம்மா நீ போடு"ங்கறான். செல்லம் ஜாஸ்தியாச்சுன்னு திட்டிட்டு இருந்தேன். மாமியார்கூட, தட்டுல சாதம் சிந்தறான்னு சொன்னாங்க. இதெல்லாம் அதுவா இருக்குமா?

ராமமூர்த்திநகர் அப்பா:
அம்மா, நாளைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. அதுவரைக்கும் டைவும் வேணாம், பட்டர்ஃப்ளை நீச்சலும் வேணாம், தலைகீழ் குட்டிக்கரணமும் வேணாம். நீச்சலையே நிறுத்திடுங்க.

விவேக்நகர் பிசியோ:
ஆமா. இதுக்கப்புறம் அது சும்மா ஃபார்முக்கான எக்ஸ்ரே இல்ல. எதை எந்த வரிசையில எடுக்கணும்னு நரம்பு பாக்கற நியூரோ டாக்டர் முடிவு பண்ணட்டும். நீங்களா லேப்ல போய் கழுத்தை மடக்கிப் படம் எடுக்காதீங்க.

அல்சூர் அம்மா (மூணு நாள் கழிச்சு):
போயிட்டு வந்தோம். நடக்க விட்டாங்க, குதிகாலால நடக்க விட்டாங்க, விரலைப் பிடிச்சு அழுத்தச் சொன்னாங்க, முட்டியில சுத்தியலால தட்டினாங்க. உள்ளங்காலைக் கீறினப்போ கூச்சத்துல டாக்டர் கண்ணாடிய உதைச்சுட்டான். கை பலம் கொஞ்சம் குறைஞ்சிருக்கு, முட்டி ரொம்பத் துள்ளுதுன்னு சொன்னார். புதன்கிழமை எம்ஆர்ஐ. போட்டி இந்த வருஷம் இல்லன்னதும் கோச்சோட பேச மாட்டேன்னு உக்காந்திருக்கான், பாவம் அவர் என்ன பண்ணுவார்.

விவேக்நகர் பிசியோ:
கோச் அன்னைக்கு அந்த வரிய எழுதலைன்னா இந்தக் கேள்வியே வந்திருக்காது, சார்.

ராமமூர்த்திநகர் அப்பா:
கண்டுபிடிச்சது சட்டைப் பட்டன், சார். எக்ஸ்ரே இன்னும் எடுக்கவே இல்ல.

அல்சூர் அம்மா:
நீங்க ரெண்டு பேரும் அப்புறம் சண்டை போடுங்க. அந்த மெஷின் சத்தத்துக்கு இவன் அரை மணி நேரம் அசையாம படுப்பானா?

ராமமூர்த்திநகர் அப்பா:
எம்ஆர்ஐ சத்தம் யூடியூப்ல கிடைக்கும். நாங்க சாப்பாட்டு மேசைக்கு அடியில பாய் விரிச்சு, தினம் அதைப் போட்டு, அசையாம இருந்தா ஒரு மைசூர் பாகுன்னு பழக்கினோம். அஞ்சாவது நாள் தூங்கியே போயிட்டா.

விவேக்நகர் பிசியோ:
அதுக்கும் மசியலைன்னு மயக்க மருந்து கொடுக்கறதா இருந்தா, கழுத்து விஷயத்தை மயக்க டாக்டர்கிட்ட நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கம்மா. மூச்சுக்கு ட்யூப் போடும்போது தலைய ரொம்பப் பின்னால சாய்க்கக் கூடாது. ஃபைல்ல எழுதியிருக்கும்னு விட்டுடாதீங்க.