121 கொரோலாவுக்கு எந்த ஒயில் பில்டர்? கடையில் மூணு காட்டுறாங்க

வாவிக்கரை (மட்டக்களப்பு)

கார் கொரோலா 121, 1500 சீசி, 1என்இசட்-எஃப்ஈ எஞ்சின். ஒயில் மாத்தி 5,000 கிலோமீற்றர் முடிஞ்சுது. இந்த முறை வீட்டு முற்றத்திலேயே ஒயிலும் பில்டரும் மாத்தப் போறன். டவுண் பாட்ஸ் கடையில் மூணு பில்டர் காட்டினாங்க. ஒண்டு டொயோட்டா பெட்டி, நம்பர் 90915-வைஇசட்இசட்ஈ1. மற்றது வேற பேர்ல, விலை அரைவாசி. மூணாவது நிஸான் சனிக்கு வாறது. "எல்லாம் ஒரே சைஸ், போகும்" எண்டு சொல்றாங்க. பக்கத்தில வச்சுப் பார்த்தா பருமனும் உசரமும் ஒண்டு மாதிரித்தான் இருக்கு.

எதை எடுக்கிறது? எத்தனை லீற்றர் ஒயில் வேணும்? பழைய பில்டர் கையால அசையவே இல்ல, அதுக்கும் ஒரு வழி சொல்லுங்க.

பதினாலு ஸ்பனர் (கல்முனை)

தம்பி, சனி பில்டரைத் தொடவே வேணாம். வெளிக்கோப்பையின் பருமனைப் பார்த்து பில்டர் எடுக்கிறதில்ல, த்ரெட்டைப் (திருகிற பல்லை) பார்த்துத்தான் எடுக்கிறது. உங்கட எஞ்சின்ல இருக்கிற குழாயின் த்ரெட் முக்கால் அங்குலம், அங்குலத்துக்கு 16 பல். அதாவது 19.05 மில்லிமீற்றர். சனி பில்டர் 20 மில்லிமீற்றர், பிட்ச் (பல்லுக்குப் பல் இடைவெளி) 1.5 மில்லிமீற்றர். வித்தியாசம் ஒரு மில்லிமீற்றர் கூட இல்ல, அதனாலதான் ஏறிப் போகும். ஆனா பல் முழுசாக் கவ்வாது, நுனியில மட்டும் பிடிச்சிருக்கும்.

அது எவ்வளவு பாரத்தைத் தாங்கணும் எண்டு கணக்குப் பாருங்க. காலையில ஸ்டார்ட் பண்ணினதும் ஒயில் தடிப்பா இருக்கும். அப்ப அழுத்தம் சதுர சென்ரிமீற்றருக்கு 4 கிலோ வந்தா, 6 சென்ரிமீற்றர் விட்டமுள்ள பில்டர் வாயை 110 கிலோவுக்கு மேல தள்ளும். நுனிப் பல்லால பிடிச்சிருக்கிற பில்டர் அதுக்கு நிக்காது. கழண்டா சம்ப்ல (எஞ்சினுக்கு அடியில இருக்கிற ஒயில் தட்டில) இருக்கிற ஒயிலை பம்பே வெளியில இறைச்சுப் போடும், பேரிங் அதோட சரி.

டொயோட்டா பெட்டியில இருக்கிற நம்பர் சரியானது. ஜப்பான் கார்களோட வாற 90915-10003உம் இதே இடத்துக்கு வரும், எது கிடைச்சாலும் எடுங்க. அரை விலைப் பில்டரை வாங்கிறதெண்டா கடையிலேயே ரெண்டு விசயம் பாருங்க. வாயைச் சுத்தி இருக்கிற சின்னத் துளைகளுக்குள்ள ஒரு றப்பர் மடிப்புத் தெரியணும். சுத்தமான மொட்டைக் குச்சியால மெதுவா அமத்தினா உள்ள போய், விட்டதும் திரும்பி வந்து மூடணும். அது விறைச்சுக் கிடந்தா, வண்டி நிக்கிற நேரத்தில பில்டர் ஒயில் கீழ இறங்கிரும், விடிய ஸ்டார்ட் பண்ணேக்க எஞ்சின் சில செக்கன் காய்ஞ்சு கடகடக்கும். ரெண்டாவது, நடுத் துளைக்குள்ளால ரோச் அடிச்சுப் பாருங்க. ஸ்பிரிங் வச்ச பைபாஸ் வால்வு இருக்கணும். கடதாசி அடைச்சா வடிகட்டாத ஒயிலையாவது எஞ்சினுக்கு விடுறது அந்த வால்வுதான். சில போலிகளில் அந்த இடத்தில வெறும் தகடு மட்டும் இருக்கும்.

நெல்லுவயல் (அக்கரைப்பற்று)

ஒரு சைஸ் பெரிய பில்டர் போட்டா ஒயிலும் கூடக் கொள்ளும், ஊத்தையும் கூடப் பிடிக்கும். இடம் இருந்தா அதைப் போடுங்க. போட்டதும் ரெஞ்ச் வச்சு நல்லா இறுக்குங்க, ஒழுகாது.

பதினாலு ஸ்பனர் (கல்முனை)

காக்கா, முதல் பாதியை நான் மறுக்கல்ல. ஆனா த்ரெட், வாய் றப்பரின் விட்டம், பைபாஸ் திறக்கிற அழுத்தம் மூண்டும் ஒத்து வந்தால்தான் பெரிய பில்டர். நீளமான பில்டர் அடியில தொங்கினா, வயல் ரோட்டில கல் அடிக்கிற பயமும் இருக்கு. ரெஞ்சால இறுக்கச் சொன்னதை ஏற்க ஏலாது. ஒயிலைத் தடுக்கிறது றப்பர், இறுக்கம் இல்ல. கூட இறுக்கினா றப்பர் நசுங்கி வெளியில பிதுங்கும், சூட்டில தகட்டோட ஒட்டிக் காயும். வாவிக்கரையின் பில்டர் கையால அசையாததும் அநேகமா இதாலதான்.

முற்றத்து கராஜ் (செங்கலடி)

செய்முறையை நான் சொல்றன். வாங்க வேண்டியது: 5டபிள்யூ-30 ஒயில் 4 லீற்றர் கான் ஒண்டு, ட்ரெயின் நட்டுக்கு (ஒயிலை வடிய விடுற அடி நட்டுக்கு) புது வொஷர் (90430-12031), பில்டரின் அடியில மூடி மாதிரிப் பொருந்துற 65 மில்லிமீற்றர் 14 முகக் கப் ரெஞ்ச். பில்டரும் மாத்தினா 3.7 லீற்றர் போகும், மாத்தாட்டி 3.4. எங்கட சூட்டுக்கு 10டபிள்யூ-30உம் பரவாயில்ல.

எஞ்சினை அஞ்சு நிமிசம் ஓட விட்டு நிப்பாட்டுங்க. ஒயில் இளஞ்சூட்டில இருந்தாப் போதும், கொதிக்கக் கூடாது. கடற்கரைப் பக்க முற்றம் மணலா இருந்தா ஜக்குக்கும் ஸ்டாண்டுக்கும் கீழ தடிச்ச பலகை வைங்க. பின் சில்லுக்குக் கட்டை போட்டு, ஸ்டாண்ட் வைக்காமல் ஒருநாளும் கீழ போகாதீங்க. மேல ஒயில் மூடியைத் திறந்து விட்டு, 14 ஸ்பனரால ட்ரெயின் நட்டைக் கழட்டி, சொட்டு நிக்கும் வரை பத்து நிமிசம் விடுங்க. புது வொஷரோட நட்டை 37 நியூட்டன் மீற்றருக்கு இறுக்குங்க. சம்ப்பின் த்ரெட் சேதமானா அது பெரிய செலவு, அதனால முதல் நாலஞ்சு சுத்தும் விரலால.

பில்டர் அசையாட்டிக் கப் ரெஞ்ச். அது வழுக்கினா கோப்பையைத் துடைச்சு உப்புத்தாள் சுத்திப் பிடிங்க, இல்லாட்டிச் சங்கிலி ரெஞ்ச், அதுவும் எஞ்சினோட சேர்ற அடித்தட்டுக்குக் கிட்டவா. ஸ்குரூ ட்ரைவரால குத்திச் சுத்துறது கடைசி வழி. தகடு கிழிஞ்சு அடித்தட்டு மட்டும் எஞ்சின்ல நிண்டா வேலை இரட்டிப்பு.

இப்பதான் கவனமா இருக்க வேண்டிய இடம். கழட்டின பில்டரைத் திருப்பி, அதில றப்பர் வளையம் இருக்கா எண்டு பாருங்க. இல்லாட்டி அது எஞ்சின் முகத்தில ஒட்டிக் கிடக்குது. கறுப்பு ஒயிலுக்குள்ள கறுப்பு றப்பர், கண்ணுக்குத் தெரியாது, விரலால தடவிப் பார்க்கணும். அதுக்கு மேல புதுப் பில்டரை ஏத்தினா ஐட்லிங்ல ஒரு சொட்டும் வராமல் இருக்கக்கூடும். ரோட்டில ரேஸ் குடுக்கேக்க ஒரு றப்பர் வழுக்கி, ஒயில் முழுக்க ஒரு நிமிசத்தில போயிரும்.

முகத்தைப் பஞ்சு விடாத துணியால துடைச்சு, புது றப்பரில் புது ஒயிலை விரலால பூசுங்க. கிரீஸ் வேணாம். கையால சுத்தி ஏத்தி, றப்பர் எஞ்சின் முகத்தில தொடுற இடத்தில பேனையால ஒரு கோடு போடுங்க. அதிலிருந்து முக்கால் சுத்து, முடிஞ்சுது.

முதல்ல 3.2 லீற்றர் ஊத்தி ஸ்டார்ட் பண்ணுங்க. பில்டர் நிரம்பும் வரை ஒயில் லைட் ஒண்டு ரெண்டு செக்கன் எரியும். பத்துச் செக்கன் தாண்டியும் அணையாட்டி உடனே நிப்பாட்டுங்க. ஒரு நிமிசம் ஓட விட்டு, அஞ்சு நிமிசம் பொறுத்து டிப்ஸ்டிக் (ஒயில் அளவு பார்க்கிற கம்பி) பார்த்து மிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்க. மேல் கோட்டைத் தாண்ட விடாதீங்க.

பிரியஸ் 30 வச்சிருக்கிறவங்க இதை அப்படியே செய்ய வேணாம். அதில கோப்பைக்குள்ள கடதாசி எலிமென்ட், 04152-வைஇசட்இசட்ஏ6. பெட்டியோட வாற ஓ-ரிங்கையும் மாத்தி, மூடியை 25 நியூட்டன் மீற்றருக்கு இறுக்கணும்.

வாவிக்கரை (மட்டக்களப்பு)

நன்றி அண்ணே. கல்லடியில இருந்து டவுணுக்கு நாளுக்கு ரெண்டு தரம், அவ்வளவுதான் ஓட்டம். அப்ப 10,000 வரைக்கும் இழுக்கலாமா? டீசல் ஊத்தி எஞ்சினைக் கழுவச் சொல்லியும் ஒராள் சொன்னார்.

முற்றத்து கராஜ் (செங்கலடி)

குறைஞ்ச தூர ஓட்டம்தான் ஒயிலுக்குக் கஷ்டமான ஓட்டம். எஞ்சின் சூடாக முதலே நிப்பாட்டினா உள்ள படியிற ஈரமும் எரியாத பெற்றோலும் ஆவியாகாமல் ஒயிலோட கலக்கும். 5,000, இல்லாட்டி ஆறு மாசம், எது முந்தி வருதோ அது. மாரி வெள்ளத்துக்குள்ளால ஓட்டியிருந்தா டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்க, பால்தேத்தண்ணி நிறத்தில இருந்தா ஸ்டார்ட் பண்ணாமல் ஒயிலையும் பில்டரையும் மாத்துங்க.

டீசல் வேணாம். சம்ப் மூலையிலயும் ஒயில் வழிகளிலயும் தங்கிற டீசல் புது ஒயிலை நீர்க்க வைக்கும். பழைய ஒயிலைக் கானில அடைச்சு சேர்விஸ் ஸ்டேசன்ல குடுங்க. வடிகானில ஊத்தினா அது நேரா வாவிக்குத்தான் போகும்.

பதினாலு ஸ்பனர் (கல்முனை)

50 கிலோமீற்றர் ஓடினாப் பிறகு பில்டரின் வாய், ட்ரெயின் நட் ரெண்டையும் வெள்ளைத் துணியால துடைச்சுப் பாருங்க. ஈரம் தெரிஞ்சா, மேல இருந்து வழியுதா எண்டும் பாருங்க. டெப்பெட் கவர்ல (எஞ்சினின் மேல் மூடியில) கசியிறதும் எஞ்சின் வழியா இறங்கிப் பில்டரில் வந்துதான் சொட்டும், புதுப் பில்டர் ஒழுகிற மாதிரியே இருக்கும்.