ஒரே கணத்தில் பாதை மாறிய கால்பந்து வீரர்கள்: ஒரு பையனுக்காகக் கேட்கிறேன்

ஆஸ்டின் டவுன் பயிற்சியாளர்:

அனைவருக்கும் வணக்கம். பெங்களூரு ஆஸ்டின் டவுன் மைதானத்தில் 15 வயதுக்கு உட்பட்ட பையன்களுக்கு மாலை வேளைகளில் கால்பந்து கற்றுத் தருகிறேன். சென்ற மாதம் ஓர் இறுதி ஆட்டத்தில் கடைசி பெனால்டியை அடித்த எங்கள் அணியின் மிகச் சிறந்த பையன், பந்தைக் குறுக்குக் கம்பத்துக்கு மேலே அடித்துவிட்டான். அன்றிலிருந்து அவன் மைதானத்துப் பக்கமே வரவில்லை. வீட்டுக்குச் சென்று பார்த்தபோது, அவனுடைய பூட்ஸ் அன்றைய செம்மண் காய்ந்து ஒட்டியபடியே கட்டிலுக்கு அடியில் கிடந்தது. அவன் அம்மா கழுவ எடுத்தபோதும் அவன் விடவில்லையாம். ஒரே கணத்தால் ஆட்ட வாழ்க்கையின் போக்கே மாறிய வீரர்களைப் பற்றி அவனிடம் பேச விரும்புகிறேன். பொதுவான ஆறுதல் அவனிடம் எடுபடாது. அந்தக் கணத்துக்கு முன்னும் பின்னும் உண்மையில் என்ன நடந்தது என்பதை அறிந்தவர்கள் எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

அல்சூர்வாசி:

ஐயா, நீங்கள் சொன்னதைப் படித்ததும் இத்தாலி வீரர் ராபர்ட்டோ பாஜியோதான் நினைவுக்கு வந்தார். 1994 ஜூலை 17 அன்று, அமெரிக்காவின் ரோஸ் பௌல் மைதானத்தில் நடந்த உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில், சமனாகிப் பெனால்டிக்குச் சென்றபோது அவர் அடித்த பந்தும் கம்பத்துக்கு மேலேதான் போனது. பிரேசில் கோப்பையை எடுத்துக்கொண்டது. இடுப்பில் கை வைத்துத் தலை குனிந்து நின்ற அந்தப் படத்தை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால் அதற்கு முன்பே அவருடைய அணியின் பரேசியும் மஸ்ஸாரோவும் தவறவிட்டிருந்தார்கள் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். பாஜியோ கோல் அடித்திருந்தாலும் கணக்கு 3-3 என்றுதான் ஆகியிருக்கும். பிரேசிலின் ஐந்தாவது உதை அப்போதும் மீதமிருந்தது.

இன்னொன்றையும் அந்தப் பையனிடம் சொல்லுங்கள். அதே உலகக் கோப்பையில் நைஜீரியாவுக்கு எதிராக இத்தாலி பத்துப் பேருடன், ஒரு கோல் பின்தங்கி, வெளியேறும் நிலையில் இருந்தபோது 88ஆவது நிமிடத்தில் சமன் செய்ததும், கூடுதல் நேரத்தில் பெனால்டியை அடித்து வென்று கொடுத்ததும் அதே பாஜியோதான். ஸ்பெயினுக்கு எதிரான வெற்றி கோலும், பல்கேரியாவுக்கு எதிரான இரண்டு கோல்களும் அவருடையவை. தொடைத் தசைக் காயத்தோடுதான் இறுதி ஆட்டத்தில் இறங்கினார். அவர் இல்லாவிட்டால் இத்தாலி அந்த மைதானத்துக்கே வந்திருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன். நான்கு ஆண்டுகள் கழித்து, 1998 உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்தில் சிலியிடம் இத்தாலி தோற்கும் நிலையில் இருந்தபோது பெனால்டி கிடைத்தது. அதை அடிக்க வந்தவரும் அவரே. பந்து உள்ளே போனது, ஆட்டம் 2-2 என முடிந்தது.

பழைய கோல்கீப்பர்:

நம் ஊரிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சொல்லும்போது இன்றும் மனம் கனக்கிறது. 2004 டிசம்பர் 5 அன்று, கண்டீரவா மைதானத்தில் கோவாவின் டெம்போ அணிக்கும் கொல்கத்தாவின் மோகன் பகான் அணிக்கும் ஃபெடரேஷன் கோப்பை இறுதி ஆட்டம். டெம்போவின் பிரேசில் வீரர் கிறிஸ்டியானோ ஜூனியர் தன் இரண்டாவது கோலை அடித்த அதே கணத்தில், முன்னேறி வந்த மோகன் பகான் கோல்கீப்பர் சுப்ரதா பாலுடன் மோதிக் கீழே விழுந்தார், பிறகு எழவேயில்லை. ஜூனியருக்கு வயது 25. பாலுக்கு 18 நிரம்பிச் சில நாள்களே ஆகியிருந்தன.

பாலுக்குக் கிடைத்த இரண்டு மாத இடைநீக்கமும் ஊர் முழுக்கப் பேசிய பேச்சும் அந்த வயதில் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கோல்கீப்பராக நின்ற எனக்குத் தெரியும்: எதிராளி தனியாக ஓடி வரும்போது முன்னே பாய்வதா, கோட்டிலேயே நிற்பதா என்று முடிவெடுக்கக் கிடைப்பது அரை நொடிதான். அதில் ஒருமுறை தயங்கப் பழகிவிட்டால் அந்த ஆளால் கோல் காக்க முடியாது. பால் தயங்கவில்லை. 2009இல் டெல்லி அம்பேத்கர் மைதானத்தில் நேரு கோப்பை இறுதி ஆட்டம் பெனால்டிக்குச் சென்றபோது சிரியாவின் உதைகளைத் தடுத்து இந்தியாவுக்குக் கோப்பையைப் பெற்றுத் தந்தார். 2011 ஆசியக் கோப்பையில் தென் கொரியாவிடம் நாம் 4-1 எனத் தோற்றோம். ஆனாலும் அவர் பாய்ந்து பாய்ந்து தடுத்ததைப் பார்த்துத்தான் அவரை ‘ஸ்பைடர்மேன்’ என்று அழைத்தார்கள். போன உயிர் திரும்பாது. அதை இந்தக் கதையால் யாரும் ஈடுகட்ட முடியாது என்பதையும் பையனிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

தங்கவயல்காரர்:

நண்பர்கள் சொன்னவை உண்மைதான். இருந்தாலும் மீண்டு வந்தவர்களை மட்டுமே சொன்னால் பையனுக்கு அதுவே இன்னொரு சுமையாகிவிடும் என்று அஞ்சுகிறேன். எல்லோருக்கும் வாசல் மறுபடி திறப்பதில்லை. நம் கன்னியாகுமரிக் கடற்கரைப் பையன் மைக்கேல் சூசைராஜ், 2020 நவம்பரில் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்துப் பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு, அந்தப் பருவம் முழுவதையும் இழந்தார். அதில் அவர் தவறு என்ன இருக்கிறது?

லிவர்பூல் கோல்கீப்பர் லோரிஸ் கரியஸையும் எடுத்துக்கொள்ளுங்கள். 2018 சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் ரியல் மாட்ரிட் அடித்த மூன்று கோல்களில் இரண்டு அவருடைய பிழையால் விழுந்தன. அதன் பிறகு அந்த அணிக்காக ஒரு போட்டி ஆட்டத்தில்கூட அவர் இறங்கவில்லை. ஆனால் அந்தப் பிழைகளுக்குச் சற்று முன்பு ரியல் மாட்ரிட் வீரர் ரமோஸின் முழங்கை அவர் தலையில் பட்டிருந்தது. சில நாள்கள் கழித்து பாஸ்டனில் பரிசோதித்த மருத்துவர்கள், அவருக்கு மூளை அதிர்ச்சி ஏற்பட்டிருந்ததாகவும், அது அவர் ஆட்டத்தைப் பாதித்திருக்கக்கூடும் என்றும் தெரிவித்தார்கள். அதற்குள் உலகம் தீர்ப்பு எழுதிவிட்டது.

ஆகவே உங்களிடம் ஒரு கேள்வி, ஐயா. அந்தப் பெனால்டிக்கு முன்பு உங்கள் பையன் எந்த நிலையில் இருந்தான்? கடைசி உதை அவனுக்கு என்று முடிவு செய்தது யார்?

ஆஸ்டின் டவுன் பயிற்சியாளர்:

எழுதிய மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தங்கவயல்காரர் ஐயாவின் கேள்வியைப் படித்த பிறகு இரவு முழுவதும் யோசித்தேன். கூடுதல் நேரத்திலேயே அவனுக்குக் கெண்டைக்காலில் தசை இழுத்துக்கொண்டது. ஓரமாக உட்கார வைத்து நானே நீவிவிட்டேன். ‘வேறு யாராவது அடிக்கட்டுமே சார்’ என்று அவன் கேட்டான். நான்தான் அவனை அனுப்பினேன். ஆட்டம் முடிந்த பிறகும், அது என் முடிவு என்று அவனிடமோ மற்ற பையன்களிடமோ நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை அவன் வீட்டுக்குச் செல்கிறேன். பாஜியோவைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். முதலில் இதைச் சொல்லிவிட்டு வருகிறேன்.