பழைய 350 வண்டியில் செல்ஃப்: பேட்டரியைப் பெரிதாக்குவதா, கோளாற்றின் வேரைத் தேடுவதா?

கானாடுகாத்தான் 350:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் 2004-ஆம் ஆண்டு வாங்கிய, கார்புரேட்டர் உள்ள, ஒற்றைச் சிலிண்டர் 350 சிசி வண்டி இருக்கிறது. நான் சென்னையில் வேலை பார்ப்பதால் ஊரில் அப்பச்சிதான் (என் அப்பா) அதை ஓட்டுகிறார்கள். அவர்களும் ஆத்தாவும் (அம்மா) எங்களோடு சென்னையில் தங்கும் மாதங்களில் வண்டி கொட்டகையிலேயே நிற்கும். முன்னோர்களுக்குச் செய்யும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ ஊர் திரும்பிப் பட்டனை அழுத்தினால், செல்ஃப் மோட்டார் இழுத்து இழுத்துத் திரும்பி நின்றுவிடுகிறது. சில வேளைகளில் 'கடக்' என்ற சத்தத்தோடு எஞ்சின் திருப்பி அடிக்கிறது. முழங்கால் வலி காரணமாக அப்பச்சியால் கிக்கரை மிதிக்க முடியாது. 14 ஆம்பியர்-மணி பேட்டரியை எடுத்துவிட்டுப் பெரியதாகப் போட்டு, செல்ஃப் மோட்டாரையும் மாற்றிவிடலாம் என்று ஒரு பட்டறையில் சொன்னார்கள். அந்தச் செலவு தேவைதானா என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

புதுவயல் பட்டறை:

தம்பி, மோட்டார் மெதுவாகவேனும் எஞ்சினைத் திருப்புகிறது என்றால் அதைக் கழற்றி எறிய அவசரப்படாதீர்கள். நீங்கள் கவலைப்பட வேண்டியது அந்தக் 'கடக்' சத்தத்தைப் பற்றித்தான். பிஸ்டன் மேலே வந்து சேரும் முன்பே தீப்பொறி விழுந்து, எரிந்த வாயு அதைக் கீழே தள்ளும்போது எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க் எதிர்த்திசையில் திரும்புகிறது. ஆனால் மோட்டாரோ முன்திசையில் தள்ளிக்கொண்டிருக்கிறது. இரண்டும் மோதும் அடி முழுவதையும் இடையில் இருக்கும், ஒரே திசையில் மட்டும் பிடிக்கும் ஒன்வே கிளட்ச்தான் வாங்கிக்கொள்கிறது. அதன் உருளைகளும் சிறு ஸ்பிரிங்குகளும் அப்படித்தான் தேய்ந்து நொறுங்குகின்றன. பிறகு பட்டனை அழுத்தினால் மோட்டார் மட்டும் 'கிர்ர்' என்று வெறுமனே சுற்றும், எஞ்சின் அசையாது. ஆகவே முதலில் தீப்பொறி விழும் நேரமான டைமிங்கையும், வால்வுகளை இயக்கும் டாப்பெட்டின் இடைவெளியையும், சிலிண்டரின் அழுத்தத்தை வெளியேற்றிவிடும் டீகம்ப்ரஸர் வேலை செய்கிறதா என்பதையும் பாருங்கள். டைமிங் கெட்ட எஞ்சின் மீது பெரிய பேட்டரியைப் போடுவது, அடியை இன்னும் பலமாக்கும் வேலை.

தேவகோட்டை மின்னியல்:

பட்டறை அண்ணன் சொன்ன இயக்கம் சரியானது. ஆனால் காரணத்தை அவர் வைத்த இடத்தோடு எனக்கு உடன்பாடு இல்லை. நல்ல வேகத்தில் திரும்பும் எஞ்சினில் அதே டைமிங் எந்தத் தொல்லையும் தருவதில்லை, ஏனெனில் ஃப்ளைவீல் என்ற கனச் சக்கரத்தில் சேர்ந்திருக்கும் ஆற்றல் பிஸ்டனை உச்சியைத் தாண்டிக் கொண்டுபோய்விடுகிறது. அந்த ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவது. வேகம் பாதியானால் ஆற்றல் கால்பங்காகிவிடும். எனவே திருப்பி அடிப்பது பெரும்பாலும் மெதுவாகத் திரும்புவதன் விளைவே, மெதுவாகத் திரும்புவதோ மோட்டாருக்குப் போய்ச் சேர வேண்டிய மின்னழுத்தம் வழியில் தொலைவதன் விளைவு.

கணக்கைப் பாருங்கள். இந்த அளவு எஞ்சினைத் திருப்பத் தொடங்கும் நொடியில் மின்னோட்டம் 100 ஆம்பியரை நெருங்குவதாக வைத்துக்கொள்வோம். 6 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 0.29 வோல்ட் இழப்பாகும். அதையே 16 சதுர மில்லிமீட்டராக்கினால் 0.11 வோல்ட்தான். ஒயரைவிடக் கொடியவை இணைப்புகள். ஒயர் நுனியில் இருக்கும் துருப்பிடித்த ஒரு லக், மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் ரிலேயின் கருகிய முனை, நெகட்டிவ் ஒயரை வண்டி உடலோடு இணைக்கும், பெயின்ட் மேல் இறுக்கிய எர்த் போல்ட் ஆகியவற்றில் எங்கேனும் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை சேர்ந்தாலே அந்த 100 ஆம்பியரில் முழுதாக 1 வோல்ட் போய்விடும். புதிய பேட்டரி இந்தத் தடையை நீக்காது. பாசிட்டிவ் முனையிலிருந்து மோட்டார் முனை வரையிலும், எஞ்சின் உடலிலிருந்து நெகட்டிவ் முனை வரையிலும், பட்டனை அழுத்தியபடி மல்டிமீட்டரில் தனித்தனியே அளந்து பாருங்கள். ஒவ்வொன்றும் அரை வோல்டுக்குள் அடங்க வேண்டும்.

பள்ளத்தூர் கிக்கர்:

இந்தத் தலைவலியே வேண்டாம் என்றுதான் என் வண்டியில் செல்ஃப் மோட்டாரையே கழற்றி, ஓட்டையைத் தகடு வைத்து அடைத்துவிட்டேன். ஆம்பியர் மீட்டர் முள் நடுவுக்கு வருவதைப் பார்த்து, டீகம்ப்ரஸரைப் பிடித்து, பிஸ்டனை உச்சிக்குச் சற்றே அப்பால் நகர்த்தி ஒரு மிதி மிதித்தால் வண்டி எடுத்துவிடும். பழைய வண்டிக்கு அதுவே மரியாதை.

புதுவயல் பட்டறை:

உங்களுக்கு அது பொருந்தும் ஐயா. முழங்கால் வலி உள்ள பெரியவருக்கு நாம் சொல்லக்கூடிய தீர்வு அது அல்ல. ஆனால் பிஸ்டனை உச்சிக்கு அப்பால் நகர்த்தும் வித்தை செல்ஃபுக்கும் உதவும். ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் நிற்கும்போது பெரும்பாலும் அழுத்த வீச்சின் தொடக்கத்திலேயே நின்றுவிடும், அதனால் மோட்டார் அசைவற்ற நிலையிலிருந்தே முழு அழுத்தத்தோடும் மோத வேண்டியிருக்கிறது. டீகம்ப்ரஸரைப் பிடித்துக் கிக்கரைக் கையால் மெல்ல அழுத்தி உச்சியைக் கடத்திவிட்டால், அடுத்த அழுத்த வீச்சு வருவதற்குள் ஏறத்தாழ ஒன்றரைச் சுற்று ஓடி வேகம் பிடிக்க மோட்டாருக்கு இடம் கிடைக்கும்.

மின்னியல் தம்பிக்கு ஒரு சொல். மெதுவாகத் திரும்புவதால் திருப்பி அடிக்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் தீப்பொறி விழும் நேரத்தை உணர்த்தும் பிக்கப் காயில் தளர்ந்து நகர்ந்துபோன வண்டிகளும், மின்னழுத்தம் குறைந்தால் தீப்பொறியை நேரம் தவறித் தரும் பழைய இக்னிஷன் பெட்டிகளும் என் பட்டறைக்கு வந்தபடியேதான் இருக்கின்றன. அவற்றில் எவ்வளவு தடித்த ஒயர் போட்டாலும் அடி நிற்பதில்லை. அதோடு, மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் ஆவியாகி, மிச்சம் இருப்பதும் கெட்டுப்போகிறது. பெட்ரோலில் கலந்திருக்கும் எத்தனாலோ ஈரத்தை இழுப்பது. அந்த நிலையில் பட்டனைப் பத்து நொடி அழுத்தினாலும் எஞ்சின் எடுக்காது, பேட்டரிதான் சாகும். கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு, பெட்ரோல் டேப்பைத் திறந்து சற்றுப் பொறுத்த பின் அழுத்துங்கள். பழைய வண்டியாதலால் ஹெட்லைட்டை அணைத்து வைக்கும் வசதியும் உங்களுக்கு இருக்கிறது. 2017 ஏப்ரலுக்குப் பின் வந்தவற்றில் அது இல்லை.

கோட்டையூர் லித்தியம்:

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி போட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். அகத்தடை குறைவு, எடை குறைவு, மாதக்கணக்கில் நின்றாலும் தானாக இறங்குவது மிகக் குறைவு. ஆண்டில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும் நம் வீடுகளுக்கு இதைவிடப் பொருத்தமானது எது?

தேவகோட்டை மின்னியல்:

ஒரு நிபந்தனையோடு ஏற்பேன். அந்தப் பேட்டரிக்குச் சார்ஜ் மின்னழுத்தம் 14.6 வோல்டைத் தாண்டக் கூடாது. அந்த மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் இருபது ஆண்டு ஓடியது; எஞ்சின் வேகம் ஏறும்போது அது 15-க்கு மேல் போனால், வழக்கமான காரீய பேட்டரி தண்ணீரை இழந்து பொறுத்துக்கொள்ளும். லித்தியத்தின் பாதுகாப்புச் சுற்று இணைப்பையே துண்டித்துவிடும். ரெகுலேட்டரை அளக்காமல் அதை வாங்குவது வீண் துணிச்சல்.

காரீய பேட்டரியையே வைத்துக்கொள்பவர்கள் வெயிலை மறக்கக் கூடாது. வெப்பம் ஒவ்வொரு 10 டிகிரி செல்சியஸ் ஏறும்போதும் தானாக இறங்கும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில், தகரக் கொட்டகைக்குள் நிற்கும் பேட்டரி இறங்கிய நிலையிலேயே கிடந்தால் தகடுகளில் சல்பேட் கெட்டிப்பட்டு, பிறகு எவ்வளவு சார்ஜ் செய்தாலும் பழைய வலு திரும்பாது. சென்னை கிளம்பும் முன் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிடுவது குறைந்தபட்சக் கடமை. மின்வேதியியலுக்கென்றே 1953 முதல் மத்திய ஆய்வு நிறுவனம் இயங்கும் காரைக்குடிப் பகுதியில், பேட்டரிகள் இப்படிக் கவனிப்பின்றிச் சாவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

கானாடுகாத்தான் 350:

இன்று அளந்தேன். ஓய்வில் பேட்டரி 12.5 வோல்ட். பட்டனை அழுத்தும்போது பேட்டரி முனைகளில் 10.3, மோட்டாரில் 8.9. இடையில் தொலையும் 1.4 வோல்டில், ரிலே உட்படப் பாசிட்டிவ் பக்கம் 0.4, எர்த் பக்கம் 1.0. எர்த் ஒயர் பெயின்ட் அடித்த சேசிஸில் முடிகிறது. அங்கிருந்து எஞ்சினுக்குத் தனி ஒயர் எதுவும் இல்லை.

தேவகோட்டை மின்னியல்:

விடை அந்த 1.0-இல் இருக்கிறது. பேட்டரி நெகட்டிவிலிருந்து நேராக எஞ்சின் உடலுக்கு, மோட்டார் போல்டுக்கு அருகில், 16 சதுர மில்லிமீட்டர் ஒயர் ஒன்றைக் கொண்டுபோங்கள். தொடும் இடத்தை உலோகம் தெரியும்வரை சுரண்டி, இறுக்கிய பின் மேலே வாசலின் தடவுங்கள். பாசிட்டிவ் பக்கத்தைத் தொட வேண்டாம். பேட்டரியையும் மோட்டாரையும் இப்போதைக்கு மாற்றவே வேண்டாம்.

புதுவயல் பட்டறை:

ஒயரைப் போடுங்கள் தம்பி, நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அதைப் போட்ட கையோடு பட்டனை அழுத்தாதீர்கள். ஏற்கெனவே பலமுறை திருப்பி அடித்த வண்டி அது. டைமிங்கைச் சரிபார்த்த பிறகு, சைடு கவரைக் கழற்றி ஒன்வே கிளட்ச் உருளைகளில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். கவரை மூடும்போது புது கேஸ்கட் போடுங்கள். கார் ஆயிலை ஊற்றாதீர்கள். அதிலுள்ள வழுவழுப்புக் கலவை கியர் மாற்றப் பயன்படும் கிளட்சை வழுக்க வைக்கும். டப்பாவில் பைக் கிளட்சுக்கு ஏற்ற தரத்தைக் குறிக்கும் ஜாசோ எம்ஏ என்று போட்டிருக்கும் ஆயிலாகப் பார்த்து வாங்குங்கள்.

தேவகோட்டை மின்னியல்:

ஒன்வே கிளட்சைத் திறந்து பார்ப்பது இப்போதே தேவையா என்பதில் இன்னும் நான் உடன்படவில்லை. மோட்டார் வெறுமனே சுற்றும் அறிகுறி ஒருமுறைகூட இல்லாதபோது அந்தக் கவரைத் தொடுவதைத் தள்ளிப்போடலாம். டைமிங்கைப் பார்க்கச் சொன்னதை மட்டும் அப்படியே ஏற்கிறேன்.

கானாடுகாத்தான் 350:

இருவருக்கும் நன்றி. எர்த் ஒயரையும் டைமிங்கையும் இந்த முறையே முடித்துவிடுகிறேன். கிளட்சை, அடுத்து ஆயில் மாற்றும்போது பட்டறை அண்ணனிடமே கொண்டுவந்து திறக்கச் சொல்கிறேன். அதுவரை பட்டனை அழுத்தும் முன் பிஸ்டனை உச்சியைக் கடத்திவிடும் முறையை அப்பச்சிக்குக் காட்டிக் கொடுக்கிறேன். கையால் செய்வது என்பதால் அவர்களால் முடியும்.