நெருக்கடிக் காலத்தில் ஜி.எஸ்.டி.யைத் தள்ளிக் கட்டச் சட்டத்திலேயே வழி வேண்டுமா?

கப்பலூர் பட்டறைக்காரர்:

வணக்கம். எங்கள் பகுதியில் சிறுதொழில் செய்யும் சிலர் சேர்ந்து, மாநில அரசின் வழியாக ஜி.எஸ்.டி. மன்றத்துக்கு ஒரு மனு அனுப்ப இருக்கிறோம். ஒரு மாவட்டம் கொள்ளைநோயாலோ வெள்ளத்தாலோ பாதிக்கப்பட்டதாக அரசு அறிவித்தால், அடுத்த மூன்று மாதங்களுக்கான வரியை வட்டியில்லாமல் ஆறு தவணைகளில் கட்ட அனுமதிக்க வேண்டும் என்பதே அதன் சாரம். கையொப்பம் கேட்கும் முன் இங்கே கருத்துக் கேட்கிறேன்.

என் கணக்கையே சொல்கிறேன். வாகனங்களுக்கான பிளாஸ்டிக் உதிரிபாகங்களைச் செய்து கொடுக்கிறேன். ஜூன் 5ஆம் தேதி 10 லட்சத்துக்குப் பில் போட்டால் 18 சதவீத வரி 1,80,000 ரூபாய். மூலப்பொருளுக்கு நான் கொடுத்த வரி 1,08,000 ரூபாயைக் கழித்துக்கொண்டு, மீதி 72,000 ரூபாயை ஜூலை 20க்குள் கட்டியாக வேண்டும். பொருளை வாங்கிய நிறுவனம் எனக்குப் பணம் தருவதோ செப்டம்பரில். நல்ல காலத்தில் இதை எப்படியோ சமாளித்துவிடலாம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து, ஜூன் 24 முதல் மதுரையில் மீண்டும் முழு ஊரடங்கு வந்தபோது, பிப்ரவரியில் போட்ட பில்லுக்கு எனக்கு நவம்பரில்தான் பணம் வந்தது. வராத பணத்துக்கு வரி கட்டச் சொல்வது எந்த ஊர் நியாயம் என்பதுதான் என் கேள்வி.

கீழமாசி வீதி மளிகை:

நான் உடன்படவில்லை. விற்பனை வரி வணிகருடைய பணமே அன்று. வாங்குபவர் அரசிடம் சேர்க்கும்படி நம் கையில் கொடுத்துவைத்த பணம். என் தந்தையார் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா வைத்திருப்பார். அன்றன்று விற்ற சரக்குக்கான வரியைக் கணக்குப் பார்த்து, இரவு கடை அடைக்கும் முன் அதில் போட்டுவிடுவார். மூட்டை இறக்கியவர்களுக்குக் கூலி கொடுக்கச் சில்லறை இல்லையென்றால் எதிர்க்கடையில் கைமாற்று வாங்குவாரே தவிர, அந்த டப்பாவைத் திறக்கமாட்டார். இன்று டப்பாவுக்குப் பதிலாகத் தனி வங்கிக் கணக்கு வைத்திருக்கிறேன், அவ்வளவுதான் மாற்றம்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். நமக்கு நெருக்கடி வரும் அதே மாதத்தில்தான் அரசுக்கும் செலவு கூடுகிறது. 2019 ஏப்ரலில் நாடு முழுவதும் 1.13 லட்சம் கோடி ரூபாயாக இருந்த ஜி.எஸ்.டி. வசூல், 2020 ஏப்ரலில் ஏறக்குறைய 32 ஆயிரம் கோடியாகச் சரிந்தது. அந்த ஏப்ரலில்தான் தமிழகத்தில் குடும்ப அட்டைக்கு ஆயிரம் ரூபாயும் விலையில்லா அரிசியும் கொடுத்தார்கள். மருத்துவமனைக்கும் அரிசிக்கும் போக வேண்டிய பணத்தை நாம் ஆறு தவணையாகத் தருகிறோம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

சிம்மக்கல் கணக்கர்:

வரி ஆலோசகன் என்ற முறையில் நடந்ததைச் சொல்கிறேன். 2020இல் தள்ளிவைப்பு இல்லாமல் இல்லை. பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் மாதங்களுக்கு, ஆண்டு விற்றுமுதல் 5 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு முதல் 15 நாட்கள் வட்டி இல்லை, அதன் பிறகு 18க்குப் பதிலாக 9 சதவீதம் என்றார்கள். 5 கோடிக்கு உட்பட்டவர்களுக்குக் கூடுதல் அவகாசமும், அதைத் தாண்டினால் செப்டம்பர் 30 வரை 9 சதவீத வட்டியும் என்று பின்னர் முடிவானது. ஆனால் அந்தச் செப்டம்பரில் என் அலுவலகத்தில் நடந்ததைப் பார்த்திருந்தால் கப்பலூர் நண்பர் இந்த மனுவை இப்படி எழுதியிருக்கமாட்டார். பாத்திரக்கடை வைத்திருக்கும் ஒருவர் நான்கு மாத நிலுவையை ஒரே சலானில் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, ‘இன்னொரு தடவை கூட்டிப் பாருங்கள்’ என்றார். மூன்று முறை கூட்டினோம். தொகை மாறவில்லை.

உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. 3பி ரிட்டனை, அதாவது மாதாந்திர வரிக் கணக்கை, போட வேண்டுமானால் அந்த மாதத்து வரி முழுவதும் கட்டப்பட்டிருக்க வேண்டும். நூறு ரூபாய் குறைந்தாலும் இணையதளம் ஏற்காது. ஆகவே 72 ஆயிரம் கட்ட வேண்டியவர் கையில் 50 ஆயிரம் இருந்தாலும், ரிட்டனே போடாதவராகிவிடுகிறார். நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம் ஏறுகிறது. இரண்டு மாதம் தொடர்ந்தால், சரக்கை வண்டியில் அனுப்பத் தேவையான ஈ-வே பில் எடுக்க முடியாது. சரக்கு நகராவிட்டால் வரி கட்டப் பணம் எங்கிருந்து வரும்? ஜி.எஸ்.டி. சட்டத்தின் 80ஆவது பிரிவில் 24 மாதத் தவணை இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். நாமே ரிட்டனில் ஒப்புக்கொண்ட வரிக்கு அந்தத் தவணை கிடையாது. அதிகாரி நோட்டீஸ் அனுப்பிக் கண்டுபிடித்த பாக்கிக்குத் தவணை உண்டு, நேர்மையாகக் கணக்குக் காட்டியவருக்கு இல்லை என்பது எனக்கு இன்றுவரை விளங்காத விந்தை.

செல்லூர் துண்டு வியாபாரி:

வெள்ளத்தைப் பற்றிச் சொன்னீர்கள். 2024 அக்டோபர் 25ஆம் தேதி பெய்த மழையில் எங்கள் தெருவில் முழங்காலளவு தண்ணீர் நின்றது. தீபாவளிக்கு ஆறு நாள் இருக்கும்போது, கட்டி வைத்திருந்த துண்டுக் கட்டுகளில் அடியில் இருந்தவை அத்தனையும் சாயம் இறங்கிப்போயின. எனக்கு வரி ஐந்தே சதவீதம்தான், அதைக் கட்டிவிட்டேன். ஆனால் கட்டிய பிறகு நூல்காரருக்குக் கொடுக்கப் பணமில்லை. எனக்கு வேண்டியது ஆறு மாதம் அல்ல, ஒரே மாதம்.

கீழமாசி வீதி மளிகை:

செல்லூர் நண்பரின் இழப்புக்கு வருந்துகிறேன். அதற்கு நிவாரணம் கொடுக்கட்டும், கடன் கொடுக்கட்டும். கப்பலூர் நண்பருடைய கணக்கில் அவர் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. மூலப்பொருள் வாங்கிய பில்லைக் காட்டி 1,08,000 ரூபாய் வரவு எடுக்கிறாரே, அந்தப் பில்லுக்கு அவர் அன்றைக்கே பணம் கொடுத்திருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. 180 நாட்களுக்குள் கொடுத்தால் போதும். வரவு எடுக்கும்போது பில் தேதி இனிக்கிறது, வரி கட்டும்போது மட்டும் பணம் வந்த தேதி வேண்டும் என்கிறார். நெருக்கடிக் கடனுக்கும் 2020இல் அரசே உத்தரவாதம் கொடுத்து, வங்கிகள் வழியாக ஒரு திட்டம் நடத்தியதே!

கப்பலூர் பட்டறைக்காரர்:

அண்ணாச்சி சட்டத்தைச் சரியாகத்தான் சொன்னார். ஆனால் எனக்குப் பிளாஸ்டிக் குருணை கொடுப்பவர் முழுப் பணமும் கணக்கில் ஏறிய பிறகே லாரியில் ஏற்றுவார். 180 நாள் சலுகை பெரிய கொள்முதல்காரர்களுக்குத்தான் பயன்படுகிறது. அந்தச் சலுகையால் காத்திருக்க வேண்டியவன் நான். மளிகையில் ரொக்கத்தை வாங்கிக்கொண்டுதான் பருப்பைக் கட்டிக் கொடுக்கிறீர்கள், ஆகவே உங்களுக்கு டப்பா நிறைகிறது. என் டப்பாவில் விழுவது பில்லின் நகல்தான்.

அந்தக் கடன் திட்டத்திலும் 2020 பிப்ரவரி 29 அன்று வங்கியில் நிலுவையில் இருந்த கடனில் 20 சதவீதம் என்றுதான் கணக்கிட்டார்கள். அதுவரை வங்கியில் கடனே வாங்காமல் சொந்த முதலில் ஓட்டிய என் பக்கத்துப் பட்டறைக்காரருக்குச் சுழியத்தில் 20 சதவீதம் கிடைத்தது.

ஓய்வுபெற்ற வணிகவரி ஊழியர்:

இரு தரப்பாரும் ஜி.எஸ்.டி. வந்த 2017 ஜூலைக்குப் பிந்தைய காலத்தையே பேசுகிறீர்கள். தமிழகத்துக்கு விற்பனை வரித் தள்ளிவைப்பு புதிதன்று. 1959ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறையில் இருந்தபோது, பின்தங்கிய பகுதிகளில் தொடங்கும் ஆலைகளுக்கு வட்டியில்லா விற்பனை வரித் தள்ளிவைப்பு என்றே ஒரு திட்டம் இருந்தது. ஆலைகள் வரியை வசூலித்து, ஆண்டுக் கணக்கில் தாமே வைத்துக்கொண்டு, பிறகு திருப்பிக் கட்டலாம். ஓடிக்கொண்டிருந்த ஆலைகள் கட்டின. மூடிய ஆலைகளின் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு நாங்கள் அலைந்தோம்; போய்ப் பார்த்தால் வங்கி சீல் வைத்த கதவும், வாசலில் வேப்பமரமும்தான் இருக்கும். தள்ளிவைத்த வரி, தொழில் நொடித்தால் வராத வரி என்பதை மனு எழுதும் தம்பிகள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதே நேரத்தில், அரசு தானாக இரங்கித் தேதியை நீட்டிக்கும் என்று காத்திருப்பதும் வீண். 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு நெல்லை, தூத்துக்குடி, தென்காசி, குமரி, விருதுநகர் மாவட்டங்களுக்கு நவம்பர் மாத ரிட்டனை 2024 ஜனவரி 10 வரை போடலாம் என்றார்கள். டிசம்பர் 20ஆம் தேதிக் கெடுவுக்கான அந்த அறிவிப்பு வெளிவந்தது ஜனவரி 5ஆம் தேதி. அதற்குள் பயந்தவர்கள் வட்டிக்கு வாங்கிக் கட்டிவிட்டிருப்பார்கள்.

சிம்மக்கல் கணக்கர்:

ஐயா சொன்ன அனுபவத்தோடு ஒன்றைச் சேர்க்கிறேன். விற்றவர் வரியைக் கட்டினால்தான் வாங்கியவருக்கு வரவு நிலைக்கும் என்பது ஜி.எஸ்.டி. சட்டத்தின் 16ஆவது பிரிவு. இதில் விற்றவரை விட்டுவிட்டு வாங்கியவரை மட்டும் பிடிப்பது சரியன்று என்று நம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே 2021 பிப்ரவரியில் ரப்பர் வணிகர்கள் தொடுத்த வழக்கில் சொன்னது. ஆனால் சட்டம் அப்படியேதான் இருக்கிறது. எனவே கப்பலூர் நண்பர் தவணை வாங்கினால், தவணை முடியும்வரை அவரிடம் வாங்கியவருடைய வரவுக்கு என்ன கதி என்பதை மனு சொல்லியாக வேண்டும். ‘ரிட்டனை முதலில் ஏற்றுக்கொள், இருக்கும் பணத்தை வாங்கிக்கொள், மீதிக்கு வட்டி போடு, வாங்கியவரின் வரவைத் தொடாதே’ என்று கேளுங்கள். வட்டியே வேண்டாம் என்பதைவிட இது நடக்கக்கூடியது.

கீழமாசி வீதி மளிகை:

கணக்கர் சொன்னபடி மாற்றி, பணம் வராத பில்களுக்கு மட்டும், வங்கிக் கணக்கைச் சான்றாகக் காட்டித் தவணை பெறலாம் என்று எழுதினால் நானும் கையொப்பமிடுகிறேன். ரொக்க வியாபாரத்துக்குத் தவணை கூடாது. வட்டி 9 சதவீதமாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் கட்ட முடிந்தவர்களும் கட்டமாட்டார்கள்.

கப்பலூர் பட்டறைக்காரர்:

ரொக்க வியாபாரத்தை விட்டுவிடச் சம்மதம். சான்று காட்டவும் சம்மதம். வட்டியில்தான் என்னால் இறங்கி வர முடியவில்லை. எனக்கு ஒன்பது மாதம் கழித்துப் பணம் கொடுத்த நிறுவனம் ஒரு ரூபாய்கூட வட்டி தரவில்லையே!

ஓய்வுபெற்ற வணிகவரி ஊழியர்:

தம்பி, சிறு, குறு தொழில்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி 45 நாளைத் தாண்டினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டியை, அதுவும் கூட்டு வட்டியாக, அவர்களிடம் நீங்கள் கேட்கலாமே. கேட்டீர்களா?

கப்பலூர் பட்டறைக்காரர்:

கேட்கவில்லை ஐயா. கேட்டால் பணம் வரலாம். அடுத்த ஆர்டர் வராது.