தகாட்டா ஏர்பேக் ரீகால்: 2011 காரை வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி: என் 2011 காரில் இருப்பது ஜப்பானிய நிறுவனமான தகாட்டா செய்த ஏர்பேக். ஓட்டுநர் பக்க இன்ஃப்ளேட்டரை (ஏர்பேக்கை ஊதவைக்கும் கருவி) மாற்ற ரீகால் அழைப்பு, அதாவது கோளாறுள்ள பாகத்தை மாற்றித்தர கார் கம்பெனி விடும் அழைப்பு, வந்திருக்கிறது. எஞ்சின், பாடி நன்றாக உள்ளன. மாற்றி ஓட்டலாமா, விற்றுவிடலாமா?

பதில் 1: கோளாறு இன்ஃப்ளேட்டரில் மட்டும்தான். உள்ளே இருப்பது வெடித்து வாயுவை உண்டாக்கும் அம்மோனியம் நைட்ரேட். ஈரம் உறிஞ்சும் பொருள் சேர்க்காத இன்ஃப்ளேட்டர்கள் வெப்பத்திலும் ஈரக்காற்றிலும் ஆண்டுக்கணக்கில் கெட்டு, விபத்தில் அளவுமீறி வெடிக்கக்கூடும். உலோகக் கூடு சிதறி முகத்திலும் கழுத்திலும் பாயும். கடலோர ஊர் என்றால் தள்ளிப்போடாதீர்கள்.

பதில் 2: 17 இலக்க சேசிஸ் எண்ணைக் கார் கம்பெனியின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். பயணி பக்கமும் ரீகாலில் இருக்கலாம். முன்பே மாற்றியிருந்தாலும் பாருங்கள். இடைக்காலத்தில் மாற்றாகப் போட்ட சில இன்ஃப்ளேட்டர்களை மறுபடி மாற்ற வேண்டியிருந்தது. வேலை இலவசம். சர்வீஸ் சென்டர் தரும் ஜாப் கார்டில் (வேலை விவரச் சீட்டு) ரீகால் முடிந்ததென எழுதி வாங்குங்கள். வெளி மெக்கானிக்கைத் தொடவே விடாதீர்கள்.

பதில் 3: மாற்றிவிட்டு வைத்துக்கொள்ளுங்கள். மாற்றாமல் விற்பது ஆபத்தை அடுத்தவர் தலையில் கட்டுவது, விலையும் அடிபடும்.