புகார் கொடுத்தவரின் பெயர் வெளியே போன அனுபவங்கள்

ஒன்றிய அலுவலக ஊழியர்:
என் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் பேனா மை கசிந்து, கட்டைவிரல் நகமளவுக்கு ஒரு கறை விழுந்திருந்தது. மறுபடி எழுத நேரமில்லாததால் அப்படியே அனுப்பிவிட்டேன். 18 நாள் கழித்து ஒப்பந்ததாரர் தம் கைப்பேசியை என் மேசைமேல் வைத்து, "இது உங்கள் கையெழுத்துதானே சார்?" என்று பணிவாகவே கேட்டபோது, திரையில் நான் முதலில் கண்டது அந்தக் கறையைத்தான்.

விஷயம் பெரிதல்ல. ஊராட்சிச் சாலை ஒன்றுக்கு எம்-புக்கில், அதாவது முடிந்த வேலையின் அளவுகளைப் பதியும் அளவைப் புத்தகத்தில், ஏறியிருந்த கனம் 15 சென்டிமீட்டர். ஓரம் உடைந்த இடத்தில் நான் ஸ்கேல் வைத்துப் பார்த்தபோது 9 கூடத் தேறவில்லை. பெயரை வெளியிட வேண்டாம் என்று அடிக்கோடிட்டுத்தான் மேலிடத்துக்கு எழுதினேன். அந்த வரியோடு சேர்த்தே கடிதத்தை நகலெடுத்து, "உரிய நடவடிக்கைக்காக" என்று குறிப்பெழுதி, படிப்படியாகக் கீழே இறக்கி, அந்தச் சாலையை அளந்ததாகக் கையெழுத்திட்ட பொறியாளரிடமே சேர்த்துவிட்டார்கள். பிறகு வந்த இடமாறுதலை நான் எதிர்பார்த்தே இருந்தேன். ஆனால் ஒப்பந்ததாரர் அந்தக் கேள்வியைக் கேட்ட நொடியில், 12 ஆண்டுகள் என்னோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்ட பக்கத்து மேசை நண்பர், தபால் பதிவேட்டை எடுத்துக்கொண்டு எழுந்து வெளியே போனார். அதுதான் இன்னும் மனத்தை விட்டு அகலவில்லை.

கண்மாய்க்கரை:
எங்களுக்கும் அதே கதைதான். சவுடு மண் எடுக்கக் கொடுத்த அனுமதியை வைத்துக்கொண்டு கண்மாயை ஆள் உயரத்துக்கு மேல் தோண்டினார்கள். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் வரிசையில் நின்று மனு கொடுத்து, ரசீதும் வாங்கினேன். வியாழக்கிழமை இரவு இருவர் வந்து, திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, என் மகளின் பள்ளிப் பேருந்து எத்தனை மணிக்கு முக்குக்கு வரும் என்று என் மனைவியிடம் சொன்னார்கள். கேட்கவில்லை, சொன்னார்கள். மறு வாரம் நான் மனு கொடுக்கப் போகவில்லை. தாமிரபரணி மணல் கடத்தலைப் பற்றிக் காவல்துறைக்குப் புகார் கொடுத்த முறப்பநாடு கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸ், 2023 ஏப்ரல் 25 அன்று தம் அலுவலகத்துக்குள்ளேயே வெட்டிக் கொல்லப்பட்டார். அரசு ஊழியருக்கே அந்த நிலை என்றால் என்னைப் போன்றவனுக்கு யார் காவல்?

ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி:
முதலில் எழுதிய நண்பர்மேல் எனக்கு வருத்தம் உண்டு. பெயரை மறைக்கும்படி கடிதத்துக்குள் எழுதினால் போதும் என்று அவர் நம்பியிருக்கக் கூடாது. தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் பொறியாளர் சத்தியேந்திர துபே, 2002 நவம்பரில் தங்க நாற்கரச் சாலைப் பணிகளின் முறைகேடுகளைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதியபோது, தம்மைப் பற்றிய விவரங்களைத் தனித்தாளில் வைத்து, ரகசியம் காக்கும்படி கேட்டிருந்தார். அந்தத் தாளும் கடிதத்தோடு சேர்ந்தே கைமாறியது. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறியில் நடந்த கொலை என்றே சிபிஐ முடிவு செய்தது. ஆனாலும் அவர் பெயரை வெளியே விட்ட பொறுப்பு அந்த முடிவால் நீங்கிவிடாது.

அதற்குப் பிறகுதான் 2004 ஏப்ரலில், புகார்தாரரின் பெயரைக் காப்பதற்கான மத்திய அரசின் பொதுநலன் கருதிய தகவல் வெளிப்பாட்டுத் தீர்மானம் வந்தது. என் பணிக்காலத்தில் ஓர் எழுத்தர், நல்ல ஆதாரங்களோடு அனுப்பிய உறையின் மேலேயே தம் பெயரையும் முகவரியையும் எழுதியிருந்தார்; தபால் அறையில் நான்கு பேர் அதைப் படித்துவிட்டார்கள். ஆகவே சொல்கிறேன். உறையை ஒட்டி, மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்தின் செயலாளர் பெயருக்கு அனுப்புங்கள். பொதுநல வெளிப்பாட்டின் கீழான புகார் என்பது மட்டும் உறைமேல் இருக்கட்டும். உங்கள் பெயரும் முகவரியும் உள்ளே, கடிதத்தின் தொடக்கத்திலோ முடிவிலோ இருந்தால் போதும். புகாரின் நடுவே "நான் அந்த அறையில் இருந்தபோது" என்பது போன்ற, உங்களைக் காட்டிக்கொடுக்கும் வரி எதுவும் இருக்கக் கூடாது. கையால் எழுதாதீர்கள். மொட்டைக் கடிதத்தை ஆணையம் ஏற்காது. புகார் நீங்கள் அனுப்பியதுதானா என்று கேட்டு வரும் கடிதத்துக்குப் பதில் எழுதாமல் விட்டுவிடாதீர்கள்.

பட்டாவுக்கு அலைந்தவர்:
ஐயா சொன்ன வழி மத்திய அரசு ஊழியர், பொதுத்துறை நிறுவனம், தேசிய வங்கி ஆகியவற்றுக்குப் பொருந்தும். ஊராட்சிச் சாலையும் கண்மாயும் அந்த ஆணையத்தின் எல்லைக்குள் வரமாட்டா. மாநில ஊழியர்களைப் பற்றிய புகார்களையும் சேர்த்துப் பாதுகாப்புத் தர வேண்டிய புகார்தாரர் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2014 மே 9 அன்றே குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்துவிட்டது. புகார்தாரரின் பெயரை வெளியிட்டால் 3 ஆண்டு வரை சிறை என்றும் அதில் இருக்கிறது. அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிக்கை மட்டும் இன்னும் வரவில்லை. இல்லாத குடையைச் சரியாகப் பிடிக்கவில்லை என்று அந்த நண்பரைக் கடிந்துகொள்வது நியாயமா?

நான் லஞ்ச ஒழிப்புத் துறையை நாடியவன். அவர்கள் பொடி தடவிக் கொடுத்த நோட்டுகளை, என்னிடம் லஞ்சம் கேட்டவர் வாங்கி எண்ணினார். பிறகு கண்ணாடித் தம்ளரில் இருந்த கரைசலில் விரல்களை நனைக்கச் சொன்னார்கள். விரலில் ஒட்டிய பொடியால் தண்ணீர் ரோஜா நிறமானது. அவர் அந்தத் தம்ளரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டே இருந்தார். முதல் தகவல் அறிக்கையில் என் பெயர், அப்பா பெயர், ஊர் எல்லாம் இருந்தன. மறுநாள் செய்தித்தாளிலும் வந்தன. அதற்குப் பிறகு மூன்று ஆண்டுகளாக, என் நிலத்தை அளக்க வருவதாகச் சொன்ன ஒவ்வொரு நாளும் நில அளவையருக்கு வேறு வேலை வந்துவிடுகிறது.

ஒன்றிய அலுவலக ஊழியர்:
வங்கி அதிகாரி ஐயா சொன்னதில் ஒன்று உண்மை. தட்டச்சு செய்து அனுப்பியிருந்தால் அந்தக் கறை இருந்திருக்காது. ஆனால் கடிதத்தைப் படம் பிடித்தவரிடம் இதுவரை யாரும் விளக்கம் கேட்கவில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். அந்தக் கோப்பு புலனாய்வில் இருப்பதாகப் பதில் வந்திருக்கிறது. முதல் மேல்முறையீட்டை எழுதி முடித்துவிட்டேன், நாளை விரைவுத் தபாலில் அனுப்பப்போகிறேன்.